ஹாங்சோ தேயிலை அருங்காட்சியகத்தைப் பார்ப்பது எப்படி: தில்லித் தமிழர்களுக்கு ஒரு வழிகாட்டி

சீனாவின் சேஜியாங் மாகாணத் தலைநகரான ஹாங்சோவில், மேற்கு ஏரிக்கு அப்பால் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே, சீனத் தேசியத் தேயிலை அருங்காட்சியகம் 1991ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது. சுற்றுச்சுவர் எழுப்பாமல் தோட்டத்தோடு தோட்டமாகக் கட்டப்பட்டிருப்பதால், எந்த இடத்தில் அருங்காட்சியகம் முடிந்து எந்த இடத்தில் உழவர்களின் தேயிலைச் சரிவு தொடங்குகிறது என்பது முதலில் பிடிபடாது. தொழில் நிமித்தமாகவோ சுற்றுலாவாகவோ தில்லியிலிருந்து ஷாங்காய் வரை செல்லும் நம்மவர்கள் பலர் ஹாங்சோவுக்கும் ஒரு நாள் ஒதுக்குகிறார்கள். ஆனால் ஏரியில் படகு விட்டுவிட்டு, மாலையில் ஒரு மணி நேரம் இருந்தால் அருங்காட்சியகத்துக்கும் போய் வரலாம் என்று வைத்துக்கொள்கிறார்கள். அப்படிப் போனால் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் வரிசையாக நிற்கும் கிண்ணங்களையும் குடுவைகளையும் தவிர வேறெதுவும் மனத்தில் தங்காது. அரை நாளாவது ஒதுக்க வேண்டும். அதைவிட முக்கியமாக, ஓர் அடிப்படைச் செய்தியைத் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

அந்தச் செய்தி இதுதான்: சீனர்கள் எல்லாக் காலத்திலும் ஒரே முறையில் தேநீர் குடிக்கவில்லை. தாங் வமிசக் காலத்தில் (7–10ஆம் நூற்றாண்டு) தேயிலையைத் தூளாக்கிக் கொதிக்க வைத்தார்கள். சோங் காலத்தில் (10–13ஆம் நூற்றாண்டு) இன்னும் நுண்ணிய பொடியாக்கிக் கிண்ணத்திலேயே கடைந்து நுரை எழுப்பினார்கள். மிங் காலம் (14–17ஆம் நூற்றாண்டு) முதல் முழு இலையை வெந்நீரில் ஊற வைத்தார்கள். முறை மாறியபோதெல்லாம் தேநீரின் நிறம் மாறியது, நிறம் மாறியபோது கிண்ணத்தின் நிறமும் வடிவமும் மாறின. இந்த மூன்று கட்டங்களும் மனத்தில் இருந்தால், விளக்கப் பலகையைப் படிக்காமலேயே ஒரு கிண்ணத்தின் காலத்தையும் பயனையும் ஏறத்தாழ ஊகிக்க முடியும். அருங்காட்சியகம் தானாகப் பேசத் தொடங்கும் இடம் அதுவே.

தில்லியிலேயே செய்துகொள்ள வேண்டிய ஆயத்தம்

இந்தியர்களுக்கான சீனச் சுற்றுலா விசா 2025 ஜூலையில் மீண்டும் வழங்கப்படத் தொடங்கியது. 2020இல் நின்றுபோன நேரடி விமானங்களும் 2025 இறுதியில் திரும்பின. தில்லியில் வசிப்பவர்கள் விசாவுக்காக வேறு நகரம் செல்ல வேண்டியதில்லை என்பது நமக்கு ஒரு வசதி. விண்ணப்ப விதிகளும் கட்டணமும் அடிக்கடி மாறுவதால், பயணச்சீட்டு வாங்கும் முன் அவற்றை நேரடியாகச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். சர்வதேசக் கடன் அட்டையை அலிபே அல்லது வீசாட் செயலியுடன் இங்கிருந்தே இணைத்துவிடுவது நல்லது, ஏனெனில் தேநீர்க் கடை முதல் பேருந்து வரை பணம் செலுத்துவது பெரும்பாலும் கைப்பேசி வழியாகத்தான். கூகுள் சேவைகள் அங்கே இயங்காது. ஆகவே சீன வரைபடச் செயலி ஒன்றையும், இணையமில்லாமல் இயங்கும் சீன மொழிபெயர்ப்புத் தொகுப்பு ஒன்றையும் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இவற்றைவிட நான் அழுத்திச் சொல்ல விரும்புவது நாவைப் பழக்குவதை. நம் வீடுகளில் காலையில் காப்பி, பிற்பகலில் பாலும் சர்க்கரையும் இஞ்சியும் சேர்த்துக் கொதிக்க வைத்த தேநீர் என்பதே வழக்கம். அந்தச் சுவையிலிருந்து நேராகப் போய் ஒரு குவளைப் பச்சைத் தேநீரைப் பருகினால், வெந்நீர் குடித்ததைப் போலத்தான் தோன்றும்; அது தேநீரின் குறையன்று, நாவுக்கு இன்னும் பழக்கமாகவில்லை என்பதே பொருள். புறப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பிருந்தே நாளுக்கு ஒரு குவளை, பாலும் சர்க்கரையும் இல்லாத பச்சைத் தேநீரைக் குடித்து வாருங்கள். 150 மில்லி நீருக்கு 3 கிராம் இலை போதும். நீர் 80 டிகிரி அளவில் இருக்க வேண்டும். வெப்பமானி இல்லாதவர்கள் கொதித்த நீரைத் திறந்த பாத்திரத்துக்கு மாற்றிச் சில நிமிடங்கள் ஆற விடலாம். கொதிநீரை அப்படியே ஊற்றினால் இலை வெந்து கசப்பும் துவர்ப்பும் மேலோங்கிவிடும். தில்லியின் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினத்தன்மை மிகுந்தது. அந்த நீரில் ஒரு முறையும் வடிகட்டிய நீரில் ஒரு முறையும் ஒரே இலையை ஊறவைத்துப் பாருங்கள். சீன நூல்கள் நீரைப் பற்றி ஏன் அவ்வளவு விரிவாகப் பேசுகின்றன என்பது ஒரே நாளில் விளங்கிவிடும்.

மஜ்னு கா டில்லாவிலுள்ள திபெத்தியக் குடியிருப்பில் வெண்ணெய்த் தேநீர் கிடைக்கும். அதையும் ஒரு முறை குடித்துவிட்டுப் போங்கள். சீனத்தின் மேற்குப் பகுதிகளிலிருந்து மலைப்பாதைகள் வழியே திபெத்துக்குச் சென்ற தேயிலை, செங்கல் போல அழுத்தப்பட்ட கட்டிகளாகவே சென்றது. சோங் அரசு குதிரைகளுக்கு ஈடாகத் தேயிலை கொடுக்கத் தனி அலுவலகமே வைத்திருந்தது. அருங்காட்சியகத்தின் வழக்காறுகள் பற்றிய பகுதியில் கட்டித் தேயிலையையும் வெண்ணெய் கடையும் நீண்ட மரக்குழாயையும் பார்க்கும்போது, உப்புக் கரிக்கும் அந்தச் சுவை நாவில் இருந்தால் பார்வை வேறாக இருக்கும்.

பீங்கான்களுக்கும் இங்கேயே ஓர் அறிமுகம் கிடைக்கும். புரானா கிலா அகழாய்வுகளில் சீனப் பீங்கான் துண்டுகள் கிடைத்துள்ளன. துக்ளக் காலத்து அரண்மனை ஒன்று இருந்த இடத்தில் 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நீலவெள்ளைப் பீங்கான்களும் தில்லியில் கிடைத்தன. தமிழர்களுக்கு இதைவிட நெருக்கமான சான்று இராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினம். 1980களில் அங்கே நடந்த அகழாய்வில் 13, 14ஆம் நூற்றாண்டுகளின் சீனப் பீங்கான் ஓடுகள் வெளிவந்தன. அவற்றுள் கணிசமானவை செலடான் என்னும் பசும்பீங்கான் வகை. அந்தப் பசும்பீங்கான் சுடப்பட்ட லாங்சுவான் சூளைகள் இருப்பது ஹாங்சோவைத் தலைநகராகக் கொண்ட அதே சேஜியாங் மாகாணத்தில்தான். அருங்காட்சியகத்தின் கலங்கள் கூடத்தில் பாசி படர்ந்த குளத்து நீரைப் போன்ற மெருகுடைய ஒரு கிண்ணத்தைக் காணும்போது, அதன் உறவுகள் பாண்டி நாட்டுக் கடற்கரை வரை கப்பலேறி வந்தவை என்பதை நினைவில் வையுங்கள்.

எப்போது செல்வது, எப்படிச் செல்வது

திங்கட்கிழமை விடுமுறை, மற்ற நாள்களில் காலையிலேயே சென்றுவிடுவது நல்லது. ஏப்ரல் 5ஐ ஒட்டி வரும் சிங்மிங் நாளுக்கு முன் பறிக்கப்படும் இலைக்குத்தான் மதிப்பு அதிகம் என்பதால், மார்ச் மாதக் கடைசியிலும் ஏப்ரலிலும் சுற்றியுள்ள சரிவுகளில் பறிப்பும், ஊர்களில் இலையை வாணலியில் வாட்டும் வேலையும் நடந்துகொண்டிருக்கும். முடிந்தவர்கள் அந்த வாரங்களிலேயே செல்லுங்கள். ஆனால் சிங்மிங் விடுமுறை நாள்களைத் தவிர்த்துவிடுங்கள், மேற்கு ஏரியைச் சுற்றிக் காலெடுத்து வைக்க இடமிருக்காது. மே முதல் வாரமும் அக்டோபர் முதல் வாரமும் அப்படியே. என்னைக் கேட்டால், வசந்தத்துக்கு அடுத்த சிறந்த காலம் அக்டோபரின் பிற்பகுதியும் நவம்பரும். பறிப்பு இருக்காது; ஆனால் வெயில் தணிந்திருக்கும், தேயிலைச் செடிகளில் மஞ்சள் மகரந்தம் நிறைந்த சிறிய வெண்பூக்கள் மலர்ந்திருக்கும்.

ஷாங்காயின் ஹொங்சியாவ் நிலையத்திலிருந்து ஹாங்சோவுக்கு அதிவேக ரயிலில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். ரயில் பயணச்சீட்டு கடவுச்சீட்டோடு இணைக்கப்படும் என்பதால் கடவுச்சீட்டைக் கையிலேயே வைத்திருங்கள். ஹாங்சோவில் இறங்கியபின் மேற்கு ஏரிப் பக்கம் வரை மெட்ரோவிலும், அங்கிருந்து பேருந்திலோ வாடகைக் காரிலோ செல்லலாம். இங்கே ஒரு குழப்பத்துக்கு இடமுண்டு: அருங்காட்சியகத்துக்கு இரண்டு வளாகங்கள் இருக்கின்றன. பழையது சுவாங்ஃபெங் வளாகம். 2015இல் திறக்கப்பட்ட லாங்ஜிங் வளாகம் மலைச்சரிவில் இன்னும் மேலே உள்ளது. இந்தக் கட்டுரையில் சொல்லப்படும் வரலாற்றுக் கூடங்களையும் கலங்களையும் பார்க்க முதலில் சுவாங்ஃபெங்குக்குச் செல்லுங்கள். ஓட்டுநரிடம் காட்ட, வளாகத்தின் பெயரோடு முழு முகவரியையும் சீன எழுத்தில் கைப்பேசியில் சேமித்து வைத்திருந்தால் அலைச்சல் மிச்சம்.

உள்ளே நுழைந்தபின்

கூடத்துக்குள் போவதற்கு முன் சற்று நேரம் தோட்டத்தில் நின்று செடியைப் பாருங்கள். நீலகிரியிலோ மூணாறிலோ பார்த்த அதே செடிதான். 1830களில் நீலகிரியின் கேத்தியில் சோதனையாக நடப்பட்டவையும் சீனத்து வகைச் செடிகளே. பச்சை, வெள்ளை, மஞ்சள், ஊலாங், கறுப்பு, புளிக்கவைத்த கருந்தேயிலை என்று சீனர்கள் பிரிக்கும் ஆறு வகைகளும் தாவரவியலில் ஒரே இனத்துச் செடியின் இலைகள்தாம். பறித்தபின் இலையை வாடவிடுவதா, கசக்குவதா, காற்றுபட்டுச் சிவக்க விடுவதா, உடனே சூடேற்றி அந்த மாற்றத்தை நிறுத்துவதா என்பதில்தான் வேறுபாடு பிறக்கிறது. வகைகளை விளக்கும் கூடத்தை நான் கடைசிக்குத் தள்ளி வைக்கச் சொல்வேன், ஏனென்றால் ஒரு முறையாவது அங்கே அமர்ந்து குடித்தபின் பார்த்தால்தான் கண்ணாடிக் கிண்ணங்களில் வைத்திருக்கும் உலர்ந்த இலைகளுக்கு அர்த்தம் வரும். முதலில் வரலாற்றுக் கூடம். அதை முடித்த கையோடு கலங்கள் கூடம்.

வரலாற்றுக் கூடத்தில் போதிதர்மரைத் தேடாதீர்கள். காஞ்சியிலிருந்து சென்றவர் தூக்கத்தை வெல்லத் தம் கண்ணிமைகளை அறுத்து எறிந்தார், அவை விழுந்த இடத்தில் தேயிலை முளைத்தது என்ற கதை நம்மிடையே பரவலாக இருக்கிறது. ஆனால் அவருக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே சீனத்தில் தேயிலை இருந்தது. பொ.ஆ.மு. 141இல் இறந்த ஹான் பேரரசர் ஜிங்கின் கல்லறை வளாகத்தில் கிடைத்த இலை எச்சங்கள் தேயிலைதான் என்று 2016இல் வெளியான ஆய்வு உறுதிப்படுத்தியது. அந்தக் கதையை விட்டுவிடுவதால் நமக்கு எந்த இழப்பும் இல்லை. ஹாங்சோவுக்கு இந்தியாவோடு உள்ள உறவைக் காண விரும்பினால், அருங்காட்சியகத்துக்கு அருகிலேயே இருக்கும் லிங்யின் கோயிலுக்குச் செல்லுங்கள். 4ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து வந்த துறவி ஒருவர் அதை நிறுவினார் என்பது அக்கோயிலின் மரபு.

தாங் காலப் பகுதியில் நீங்கள் சந்திக்க வேண்டியவர் லூ யூ. 8ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இவர் எழுதிய 'சா ஜிங்' தேயிலைக்கென்றே எழுதப்பட்டு நமக்குக் கிடைத்திருக்கும் நூல்களுள் மிகப் பழையது. பத்து அதிகாரங்கள் கொண்ட சிறிய நூல். ஆனால் செடி வளரும் மண், பறிக்கும் கூடை, அடுப்பு, நீர், கிண்ணம் என ஒன்றையும் விடாமல் பேசுகிறது. அவர் சொல்லும் முறைப்படி, ஆவியில் வேகவைத்து இடித்து அச்சில் அழுத்திய தேயிலை வில்லையை நெருப்பில் வாட்டி, உருளைக் கல்வத்தில் பொடித்து, சலித்து வைத்துக்கொள்ள வேண்டும். நீர் முதற்கொதி வந்து மீன்கண் போன்ற குமிழிகள் எழும்போது சிறிது உப்பு. விளிம்பில் முத்துச்சரம் போலக் குமிழிகள் தொடரும் இரண்டாம் கொதியில் ஓர் அகப்பை நீரை எடுத்து ஒதுக்கிவிட்டு, மூங்கில் குச்சியால் சுழற்றி நடுவில் பொடியை இட வேண்டும். அலையடிக்கும் மூன்றாம் கொதியில் ஒதுக்கிய நீரைத் திரும்ப ஊற்றி அடக்க வேண்டும். வெங்காயத்தாள், இஞ்சி, இலந்தை, ஆரஞ்சுத் தோல், புதினா ஆகியவற்றைப் போட்டுக் கொதிக்கவைக்கும் வழக்கத்தை அவர் கடுமையாகக் கண்டிக்கிறார். அது சாக்கடை நீருக்கு ஒப்பானது என்கிறார். இஞ்சித் தேநீர் குடித்து வளர்ந்த நமக்கு இது சுருக்கென்று படலாம். ஆயினும் அவருடைய அக்கறை இலைக்கே உரிய மணம் மறைந்துவிடக் கூடாது என்பதுதான். அதைப் புரிந்துகொண்டால் அடுத்துவரும் ஆயிரம் ஆண்டுகளின் போக்கும் புரிந்துவிடும்.

லூ யூ எழுதியது வெறும் ஏட்டுக் கட்டளையா, நடைமுறையா என்ற கேள்விக்கு 1987இல் விடை கிடைத்தது. ஷான்ஷி மாகாணத்து ஃபாமென் கோயில் கோபுரத்தின் அடியில், 874இல் மூடப்பட்ட நிலவறையைத் திறந்தபோது, தாங் பேரரசரின் பொன்முலாம் பூசிய வெள்ளித் தேநீர்க் கருவிகள் வெளிவந்தன: வில்லையை வைக்கும் பின்னற்கூடை, பொடிக்கும் உருளை, சல்லடை, உப்புக் கிண்ணம். இவற்றின் படங்களையோ மாதிரிகளையோ எங்கு கண்டாலும் விரைந்து கடந்துவிடாதீர்கள். ஒவ்வொரு கருவியையும் பார்த்து, மேலே சொன்ன செய்முறையின் எந்தப் படியில் அது கைக்கு வரும் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

இனிக் கிண்ணங்கள். தாங் காலத்துத் தேநீர் செம்மை கலந்த நிறமுடையது. வடக்கே ஷிங் சூளைகளின் வெண்கிண்ணத்தில் ஊற்றினால் அந்தச் செம்மை அப்படியே தெரியும். சேஜியாங்கின் யுவே சூளைகளின் பசுங்கிண்ணத்தில் ஊற்றினால் தேநீர் பச்சையாகத் தோன்றும். ஆகவே, வெண்கிண்ணத்தை வெள்ளிக்கும் பனிக்கும் ஒப்பிட்டவர்களை மறுத்து, ஜேட் என்னும் பச்சைக் கல்லையும் பனிக்கட்டியையும் ஒத்த யுவே கிண்ணமே உயர்ந்தது என்று லூ யூ தீர்ப்புச் சொன்னார். கலங்கள் கூடத்தில் இவ்விரு வகைகளும் அருகருகே இருக்கக் கண்டால், இரண்டிலும் ஒரே தேநீரை மனத்தால் ஊற்றிப் பாருங்கள்.

சோங் காலத்துக்கு வந்ததும் நிறம் தலைகீழாகிறது. கரிய மெருகும் தடித்த சுவரும் குறுகிய அடியும் விரிந்த வாயும் கொண்ட கிண்ணங்கள் வரும். ஃபூஜியனின் ஜியான் சூளைகளில் சுட்டவை. உள்ளே முயலின் உரோமத்தைப் போல் மெல்லிய கோடுகள் இறங்கும். இந்தக் கருமைக்குக் காரணம் நுரை. மாவு போல அரைத்த தேயிலைப் பொடியை வெதுவெதுப்பாக்கிய கிண்ணத்தில் இட்டு, சிறிது வெந்நீரில் குழைத்து, பிறகு நீரைச் சிறிது சிறிதாக ஊற்றி மூங்கில் கருவியால் கடைந்தார்கள். வெண்ணுரை எவ்வளவு நேரம் கலையாமல் நிற்கிறது என்று போட்டி நடந்தது; யாருடைய கிண்ணத்தின் விளிம்பில் முதலில் நீர்க்கோடு தெரிந்ததோ அவர் தோற்றார். வெள்ளை நுரையைக் காட்டக் கறுப்புப் பின்னணி. சூடு தாங்கத் தடித்த சுவர். பேரரசர் ஹுயிசோங்கே 1107ஐ ஒட்டித் தேயிலை பற்றி ஒரு நூல் எழுதி, கரிய கிண்ணமே சிறந்தது, வெண்மையான தேநீரே உயர்ந்தது என்று குறித்தார். இதே பகுதியில் நீண்டு மெலிந்த மூக்குடைய கெண்டிகளையும் தேடிப் பாருங்கள்: நீரை ஒரே இடத்தில் மெல்லிய தாரையாக நிறுத்தி ஊற்றுவதற்காகவே அந்த மூக்கு. ஜப்பானியத் துறவிகள் தங்கள் நாட்டுக்குக் கொண்டுசென்ற முறை இதுவே. அங்கே அது இன்றும் வழங்குகிறது, சீனத்தில் பின்னர் வழக்கொழிந்தது.

வழக்கொழிந்ததற்கு ஓர் அரசாணையும் காரணம். சோங் காலம் முதல் அரண்மனைக்குச் செலுத்தப்பட்ட தேயிலை வில்லைகளைச் செய்வது உழவர்களைக் கசக்கிப் பிழியும் வேலையாக இருந்தது. மிங் வமிசத்தை நிறுவிய ஹொங்வு பேரரசர், எளிய குடியில் பிறந்தவர். 1391இல் வில்லைகளை நிறுத்தி உதிரி இலையையே காணிக்கையாகச் செலுத்த ஆணையிட்டார். உதிரி இலையைக் கடைய முடியாது, ஊறவைக்கத்தான் வேண்டும். ஊறவைக்கக் குடுவை வேண்டும். நாம் இன்று தேநீர்க் குடுவை என்று கருதும் வடிவம் ஓங்கி வளர்வது இங்கிருந்துதான். கிண்ணத்தின் கருமைக்கு இனி வேலையில்லை. இளம்பச்சைச் சாற்றைக் காட்ட மெல்லிய வெண்பீங்கான் வந்தது. ஜியாங்சு மாகாணத்து யீசிங்கின் செங்கபில மண்ணால் செய்த, மெருகிடாத சிறு குடுவைகளும் இதே காலத்தில்தான் பெயர் பெற்றன. இந்தக் குடுவைகளுக்கு முன் நீண்ட நேரம் நிற்கலாம். மூடி வாயோடு பொருந்தும் கோடு, மூக்கின் நுனியும் கைப்பிடியின் உச்சியும் ஒரே மட்டத்தில் அமைதல், அடியில் குயவரின் முத்திரை ஆகியவற்றைக் கவனியுங்கள். மண்ணின் நுண்துளைகள் மணத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் ஒரு குடுவைக்கு ஒரே வகைத் தேயிலை என்று ஒதுக்குவார்கள்.

மிங்குக்குப் பின் வந்த சிங் வமிசக் காலத்துக் கலங்கள் எண்ணிக்கையில் மிகுதியாக இருந்தாலும் நேரம் குறைவாக இருப்பவர்கள் அவற்றை விரைந்து கடக்கலாம். கைப்பிடி வைத்த கோப்பைகள் ஐரோப்பிய ஏற்றுமதியோடு தொடர்புடையவை என்பதையும், தட்டு, கிண்ணம், மூடி என மூன்று பாகங்கள் கொண்ட கைவான் இன்றும் வழக்கில் இருப்பதையும் மட்டும் மனத்தில் கொள்ளுங்கள்.

புகைப்படம் எடுப்பவர்கள் ஒளிவிளக்கை அணைத்துவிட வேண்டும். கிண்ணத்தைப் பக்கவாட்டில் ஒரு முறையும், உட்புறம் தெரிய மேலிருந்து ஒரு முறையும் எடுத்து, அருகிலுள்ள விளக்கப் பலகையையும் சேர்த்துப் பதிவுசெய்யுங்கள். கால் வளையமும் சுவரின் தடிமனும் தெரியாத படத்தால் பின்னர் பயனில்லை.

அமர்ந்து குடிப்பது

பார்த்து முடித்தபின் வளாகத்திலோ அருகிலுள்ள லாங்ஜிங் ஊரிலோ ஒரு தேநீரகத்தில் அமருங்கள். இங்கே கேட்க வேண்டியது லாங்ஜிங் பச்சைத் தேநீர். பறித்த இலையைச் சூடான வாணலியில் கையால் அழுத்தி அழுத்தி வாட்டுவதால் இலை தட்டையாக, வழவழப்பாக இருக்கும். வறுத்த கடலைப்பருப்பின் சாயல் அதன் மணத்தில் உண்டு. பெரும்பாலும் கண்ணாடிக் குவளையிலேயே தருவார்கள். இலை மிதந்து, நனைந்து, நிமிர்ந்து இறங்குவதைப் பார்ப்பதற்காகத்தான் அந்தக் கண்ணாடி; ஆகவே உடனே எடுத்துக் குடிக்காமல் சற்றுக் காத்திருங்கள். மூன்றில் ஒரு பங்கு எஞ்சியிருக்கும்போது மறுபடியும் வெந்நீர் ஊற்றச் சொல்லலாம். இரண்டாம் ஊற்றே சிறந்தது என்பது என் கருத்து. 2022 நவம்பரில் யுனெஸ்கோ சீனாவின் மரபுவழித் தேயிலைத் தயாரிப்பு முறைகளையும் அவற்றோடு இணைந்த சமூக வழக்கங்களையும் மானுடத்தின் பண்பாட்டு மரபாகப் பட்டியலிட்டபோது, கையால் வாட்டும் இந்தக் கலையும் அதில் அடங்கியது.

கிண்ணத்தை விளிம்பு வரை நிரப்பாமல் முக்கால் அளவுக்கே ஊற்றுவார்கள். விருந்தோம்பலில் குறை என்று எண்ணிவிட வேண்டாம். விளிம்பு சுடாமல் பிடிக்க இடம் விடுவதே அங்கே மரியாதை. ஊற்றுபவருக்கு நன்றி சொல்ல மேசையில் இரண்டு விரல்களால் மெல்லத் தட்டும் வழக்கம் தென்சீனத்தில் பரவலாக உள்ளது; எங்கே செய்தாலும் புரிந்துகொள்வார்கள். சைவ உணவு மட்டும் உண்பவர்கள் தேநீரக உணவுப் பட்டியலைக் கவனமாகப் பாருங்கள்: லாங்ஜிங் என்ற பெயரோடு வரும் புகழ்பெற்ற ஹாங்சோ உணவு இறாலால் செய்தது. லிங்யின் கோயில் பக்கத்தில் முழுச் சைவ உணவு கிடைக்கும்.

ஓர் எச்சரிக்கை. ஷாங்காயின் சுற்றுலாப் பகுதிகளில், நன்றாக ஆங்கிலம் பேசும் இளைஞர்கள் வலிய வந்து பழகி, மரபான தேநீர் நிகழ்ச்சி பார்க்கலாம் என்று அழைத்துச் சென்று, முடிவில் பெருந்தொகையைக் கேட்கும் மோசடி பல ஆண்டுகளாக நடக்கிறது. விலைப்பட்டியல் கையில் வராமல் எந்த இடத்திலும் ஒரு மிடறும் குடிக்காதீர்கள். அதற்காக எல்லா அழைப்பையும் ஐயப்படவும் வேண்டாம். தேயிலை ஊர்களில் வீட்டு வாசலில் நின்று அழைப்பவர்கள் பெரும்பாலும் தங்கள் தோட்டத்து இலையை விற்பவர்கள்தாம். விலையை முதலிலேயே கேட்டுவிடுங்கள், எந்த அளவுக்கு அந்த விலை என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்: அங்கே வழங்கும் ஜின் என்ற அளவு 500 கிராம்.

மேற்கு ஏரி லாங்ஜிங் என்ற பெயர், வரையறுக்கப்பட்ட குறிப்பிட்ட பகுதியில் விளைந்ததற்கு மட்டுமே உரியது. மாகாணத்தின் பிற பகுதிகளில் விளைவது வெறும் லாங்ஜிங்தான். பிந்தையது மட்டமானதன்று, ஆனால் முந்தையதன் விலையை அதற்குக் கொடுக்க வேண்டியதில்லை. பொட்டலத்தில் விளைந்த இடமும் பறித்த ஆண்டும் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். கறுப்புத் தேயிலை வாங்க விரும்புகிறவர்கள், சீனப் பொட்டலத்தில் அது செந்தேயிலை என்றே குறிக்கப்பட்டிருக்கும் என்பதை நினைவில் வைத்தால் போதும்.

சீன விசா கிடைக்காதவர்களுக்கும் ஹாங்காங் வழியாகப் பயணம் செய்பவர்களுக்கும் ஒரு மாற்று உண்டு. ஹாங்காங் பூங்காவுக்குள் இருக்கும் ஃபிளாக்ஸ்டாஃப் மாளிகை, 1840களில் பிரித்தானியப் படைத்தலைவருக்காகக் கட்டப்பட்டது. 1984 முதல் தேநீர்க் கலங்களின் அருங்காட்சியகமாக இருக்கிறது. வீட்டாசாய் என்னும் சோயாப்பால் நிறுவனத்தைத் தொடங்கிய கே. எஸ். லோ நன்கொடையாக அளித்த தொகுப்பே அதன் அடித்தளம். யீசிங் குடுவைகளுக்கு அது மிகச் சிறந்த இடம். தோட்டமும் பறிப்பும் அங்கே கிடையாது. ஆனால் மேலே சொன்ன மூன்று கட்டங்களையும் கலங்களின் வழியே அங்கும் பின்தொடரலாம். இந்தியர்கள் குறுகிய காலத் தங்கலுக்கு இணையவழி முன்பதிவு செய்துகொண்டு செல்ல வேண்டும்.

வாங்கி வந்த பச்சைத் தேயிலையைத் தில்லிக் கோடையில் சமையலறை அலமாரியில் வைத்தால் விரைவிலேயே நிறமும் மணமும் போய்விடும். காற்றுப் புகாத சிறு பொட்டலங்களாகப் பிரித்துக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். மசாலா, பெருங்காயம் ஆகியவற்றின் வாடை ஏறாதபடி ஒரு மூடிய டப்பாவுக்குள் வைப்பது இன்னும் நல்லது. எடுத்த பொட்டலம் அறையின் வெப்பத்துக்கு வந்தபிறகே திறக்க வேண்டும், இல்லையேல் ஈரம் படிந்துவிடும். திறந்ததைச் சில வாரங்களுக்குள் குடித்து முடித்துவிடுங்கள்.